நான் நிரப்பிய உங்கள் தைலக் குப்பி

என் பிரியமுள்ள மதினிக்கு,

இங்கே சாரல் பிடித்து இருபது நாளாகிறது. தெருவெல்லாம் நசநசவென்று கிடக்கிறது, கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. மேலகரம் வழியாகக் குற்றாலம் போகிற வேன்கள் விடிந்ததும் விடியாததுமாக வரிசை கட்டுகின்றன. ஐந்தருவியில் நல்ல தண்ணீர். மெயின் அருவியில் நேற்று வெள்ளம் என்று யாரையும் குளிக்க விடவில்லை. ஊரே சீசனுக்குக் குதிக்கும்போது நீங்கள் மட்டும் அண்ணனுடைய கைக்குட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு இஸ்திரி போட உட்காருவீர்கள். இந்த வருஷம் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

வருகிற வியாழக்கிழமை உங்களுக்கு முதல் வருஷத் திதி. உங்கள் மகன் ராசுவுக்குப் பட்டாளத்தில் லீவு கிடைத்துவிட்டது, ரயில் ஏறிவிட்டேன் அத்தை என்று போன் பண்ணினான். அவன் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது நான் பின்னால் நின்று உங்களைக் கும்பிட வேண்டும். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேரில் இருந்தால் நாலு ஏச்சு ஏசிவிட்டு, அந்த வாயோடேயே காப்பி குடிக்கிறியா என்று கேட்பீர்கள். இப்போது ஏசுவதற்கும் ஆளில்லை.

அண்ணனுக்காக நீங்கள் கலக்கி வைத்துப்போன தைலக் குப்பி இத்தனை நாளும் தீரவில்லை மதினி. தீராமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் அண்ணன் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கும்படி ஆயிற்று.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான் பாதி. ஆனால் இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். நம் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு தைலக் குப்பி இருக்கிறது.

அண்ணனுக்குச் சாரல் காற்று ஆகவே ஆகாது. போலீஸ் வேலையில் இருந்த வரைக்கும் சீசன் வந்தால் அவனுக்கு அருவிக்கரையில்தான் டியூட்டி. எட்டு மணி நேரம் ஈரத்தில் நிற்க வேண்டும். ஒரு தும்மல் தொடங்கினால் பதினைந்தில்தான் நிற்கும். விசிலை வாயில் வைத்தால் தும்மி அது எகிறி விழும். கண் சிவந்து, மூக்கு ஒழுகி நிற்கிறவனைப் பார்த்து, போலீஸ்காரர் குடித்திருக்கிறார் என்று வெளியூர்க்காரர் ஒருவர் புகார் கொடுத்ததும், இன்ஸ்பெக்டர் வந்து ஊதச் சொன்னதும், ஊதப் போனவன் அவர் முகத்திலேயே தும்மியதும் நம் குடும்பத்தில் எத்தனை கல்யாணப் பந்தலில் சொல்லிச் சிரித்த கதை.

நீங்கள் கடையத்திலிருந்து கல்யாணமாகி வந்த முதல் சீசனிலேயே இதற்கு ஒரு வழி செய்தீர்கள். தென்காசி நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பும் ஓம உப்பும் கற்பூரமும் வாங்கி, மூன்றையும் ஒரு பழைய டானிக் குப்பியில் போட்டு மூடி வைத்தீர்கள். தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் அது தானாகவே உருகித் தைலமாவதை நான் வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு நீலகிரித் தைலம் கொஞ்சம், புல்தைலம் கொஞ்சம், கிராம்பு எண்ணெய் இரண்டு சொட்டு. மீதிக் குப்பி முழுக்க நல்லெண்ணெய். எனக்கு அப்போது உங்களைக் கண்டால் ஆகாது. வந்தவள் என் அண்ணனை என்ன செய்கிறாள் என்று பார்க்கவே பக்கத்து வீட்டிலிருந்து வந்து நிற்பேன்.

"மதினி, எங்க அண்ணன ஊறுகா போட்டுராதீங்க" என்றேன்.

நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போட்டா ஒனக்கும் ஒரு துண்டு தாரேன்ட்டி" என்றீர்கள். அன்றைக்குத்தான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது. இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை.

வருஷா வருஷம் வைகாசி கடைசியில் நீங்கள் அந்தக் குப்பியை நிரப்பினீர்கள். கைக்குட்டையின் ஒரு மூலையில் ஒரே ஒரு சொட்டு. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்புவீர்கள். இன்னும் ரெண்டு சொட்டு விடு என்று அண்ணன் கேட்டால், "இது மூக்கத் தொறக்கும், அம்புட்டுத்தான். நோயத் தீக்காது" என்று மூடியைத் திருகிவிடுவீர்கள். அந்தச் சொல்லை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன்.

நீங்கள் செய்த மற்றதெல்லாம் எனக்கு வீட்டு வேலையாகத்தான் தெரிந்தது. சீசனுக்கு முன்னால் அண்ணனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவீர்கள். சித்திரை வெயிலில் தலையணை மெத்தையெல்லாம் மாடிக்குப் போகும். பீரோவை நகர்த்திச் சுவரில் பூத்திருக்கும் பூஞ்சையைத் துடைப்பீர்கள். ஈரத்துணியைப் படுக்கிற அறையில் போட விடமாட்டீர்கள். ஊரில் எல்லாரும், நானும்தான், அண்ணனுக்குத் தும்மல் குறைந்தது தைலத்தால் என்றே பேசிக்கொண்டோம். உங்களுக்கும் அது பெருமையாகத்தானே இருந்தது? உண்மையைச் சொல்லுங்கள்.

போன வருஷம் குப்பியை நிரப்பிய பிறகு நீங்கள் ஒன்றரை மாதம்தான் இருந்தீர்கள். மாரடைப்பு என்றார்கள். நம்மை யோசிக்கவே விடவில்லை. துஷ்டிக்கு வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், நான் தொண்டை கட்டும் வரை அழுதேன், அண்ணன் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டான், டீ வந்ததா என்று கேட்டான். போலீஸ்காரன் அப்படித்தான் என்று ஆட்கள் சொன்னார்கள்.

உங்கள் சேலைகளைக் காரியம் முடிந்ததும் முறைப்படி எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டான். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். தைலக் குப்பியை மட்டும் யாரையும் தொடவிடவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அவனுக்குத் தும்மலே கிடையாது. ஆனாலும் தினமும் துண்டில் தைலம் விட்டு, அதை முகத்தில் போட்டுக்கொண்டு படுப்பான். நான் சாப்பாடு கொண்டுபோகும்போது அந்த வாசனை வாசலுக்கு வரும். நீங்கள் அடுப்படியில் இருக்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் கால் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

தை மாதத்தில் ஒருநாள் அவன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, அடியில் ஒரு விரல் அகலத்துக்குக் கிடந்த தைலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏட்டி செல்வி, இன்னும் ஒரு விரக்கடைதான் கெடக்கு" என்றான்.

அதற்குப் பிறகு ஒரு சொட்டும் விடவில்லை. திறப்பான், மோந்து பார்ப்பான், மூடுவான். சாப்பாடும் குறைந்துபோனது. தட்டில் பாதி அப்படியே திரும்பி வரும். அந்த ஒரு விரக்கடை தீர்ந்துபோனால் இவன் என்ன ஆவான் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தையல் மிஷினில் உட்கார்ந்தால் ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்தேன், அவ்வளவு யோசனை.

அவன் ஒரு கல்யாணத்துக்குச் செங்கோட்டை போன அன்று நான் அந்த வேலையைச் செய்தேன். என்னென்ன போடுவீர்கள் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. ஒரு டம்ளரில் கலக்கி மோந்து பார்த்தேன், உங்களுடையது மாதிரி இல்லை. கற்பூரம் போட்டேன். மறுபடி மோந்தேன், இன்னும் போதாது போலிருந்தது. நீலகிரித் தைலம் விட்டேன். நாலு தடவை மோந்த பிறகு என் மூக்கே மரத்துப்போயிருக்கிறது என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. நல்லெண்ணெய் விட்டால் வாசனை குறைந்துவிடுமோ என்று அதைப் பேருக்கு ஊற்றினேன். பிறகு உங்கள் குப்பியில் ஒரு விரக்கடையை இரண்டு விரக்கடையாக்கி வைத்தேன். அதற்கு மேல் ஊற்றினால் கண்டுபிடித்துவிடுவான்.

அவன் திரும்பவும் துண்டில் விடத் தொடங்கினான். தட்டும் காலியாகத் திரும்பி வந்தது. குறையக் குறைய நான் ஊற்றினேன். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிடக் காரமாகத்தான் கலந்திருப்பேன். பங்குனியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இது எறங்கவே மாட்டேங்கு பாத்தியாட்டி. அவ கைராசி."

நான் ஆமாண்ணே என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் மதினி நான் செய்த பெரிய தப்பு. ஊற்றியதைக்கூட மன்னித்துவிடலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்காக ஊற்றினேன் என்று எழுதுகிறேனே, அது முழுசும் நிஜமில்லை. அந்தக் குப்பி தீர்ந்தால் நீங்கள் இந்த வீட்டை விட்டு ஒரேயடியாகப் போய்விடுவீர்கள் என்று எனக்குத்தான் பயமாக இருந்தது.

சாரல் வந்தது. டாக்டரிடம் போக வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தைலம்தான் இருக்கிறதே என்றிருந்தோம். தலையணை வெயிலைப் பார்க்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் பச்சையும் கறுப்புமாகச் சுவர் பூத்துக் கிடந்ததை நான் போன வாரம்தான் பார்த்தேன். தும்மல் கூடக் கூட அவன் தைலத்தைக் கூட்டினான். ஜன்னலை அடைத்து, வெந்நீரில் தைலம் விட்டு, போர்வையைத் தலையோடு மூடி ஆவி பிடித்தான். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு, காலை ஒன்பது மணி இருக்கும். இட்லி கொண்டு போனேன். வாசலிலேயே அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான். பேச வாய் திறக்கிறான், வார்த்தை வரவில்லை, உதடு நிறம் மாறிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குப்பியை எடுத்து உள்ளங்கை நிறைய ஊற்றி அவன் நெஞ்சிலும் மூக்கிலும் தேய்த்தேன். அவன் என் கையைத் தள்ளினான். தள்ளத் தள்ளத் தேய்த்தேன். என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு புனலூர் போயிருந்தார். எதிர்வீட்டு ஆட்டோ அன்றைக்கு வாசலில் நின்றது, இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியிருப்பேன்.

தென்காசி ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா. அவனுடைய துண்டை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனவர் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டார்.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?"

"நாந்தாம்மா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பொறுமையாகச் சொன்னார்: "மூக்கடைப்புக்கு லேசா மோந்தா சிலருக்கு இதமாத்தான் இருக்கும். ஆனா இவருக்கு வெறும் தும்மல் இல்லம்மா, வீசிங் இருக்கு. இவ்வளவு காரமான வாசனை மூச்சுக்குழாயைச் சுருக்கிரும். அடுத்த தடவை இங்க வந்து சேர நேரமிருக்கும்னு நெனைக்காதீங்க. அந்தக் குப்பி இனி வீட்டுலயே இருக்கக் கூடாது." இன்ஹேலர் ஒன்றைக் கொடுத்து, எப்படி இழுக்க வேண்டும் என்று மூன்று முறை செய்துகாட்டினார்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். வந்ததும் நேரே போய்க் குப்பியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ராசுவும் போனில் கெஞ்சினான்.

"அவ கலக்குனது என்ன ஒண்ணும் செய்யாது" என்றான்.

நான் என்ன செய்ய? திருடிக்கொண்டு போய்க் கொட்டிவிடலாம். ஆனால் அவன் வெளியே போய் வேறு தைலம் வாங்கிக்கொண்டு வருவான், அதே நம்பிக்கையில். உண்மையைச் சொன்னால், ஆறு மாதமாக நீங்கள் என்று நினைத்து அவன் முகத்தில் போட்டுக்கொண்டது வெறும் என் கலவை என்றாகிவிடும். உங்களை அவனிடமிருந்து இன்னொரு தடவை எடுத்துக்கொண்டு போக எனக்குக் கை வரவில்லை. நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

ஐந்தாம் நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி சொன்னாள், செத்துப்போனவள் கலக்கி வைத்த தைலம்தானாம், புருஷனையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தது என்று. குடத்தைப் போட்டுவிட்டு அவளோடு சண்டைக்குப் போனேன். பாதியில் நிறுத்திவிட்டேன். உங்கள் பேரைக் காப்பாற்ற நான் சொல்ல வேண்டிய ஒரே பதில், நான் இன்னும் சொல்லாத அந்த உண்மைதான். ஈரத்தலையோடு நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அவன் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அது மதினி கலக்குனது இல்ல."

திரும்பிப் பார்த்தான்.

"தை மாசத்துல இருந்து நாந்தான் ஊத்திக்கிட்டு வாரேன். கொறையக் கொறைய ஊத்துனேன். மதினி கலக்குனது ஒன்ன ஒண்ணும் செய்யல. நான் கலக்குனதுதான் ஒன் மூச்ச அடைச்சுது."

அடிப்பான் என்று நினைத்தேன். இனி இந்த வாசலை மிதிக்காதே என்பான் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் நான் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்.

"ஏட்டி, அப்பம் அவ கலக்குனது என்னைக்குத் தீந்துது?"

தீருவதற்கு முன்னாலேயே ஊற்றி, ஊற்றியதன் மேல் ஊற்றி, எது எப்போது முடிந்தது என்று யாருக்குத் தெரியும்? அதைத்தான் சொன்னேன். "தெரியலண்ணே. நான் தீர விடல."

"தீந்த அன்னைக்கு ஒரு நாளு இருந்து அழுதுருப்பேம்லா" என்றான். "அதுக்குத்தாம்ட்டி அந்தக் கடைசி விரக்கடையப் பாத்துக்கிட்டே கெடந்தேன். அந்த நாள நீ எடுத்துக்கிட்டியே."

பிறகு அவன் அழுதான். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக. அறுபது வயது ஆள், தோள் குலுங்கக் குலுங்க. மூச்சு இழுத்துவிடுமோ என்று எனக்கு உயிரே போயிற்று. இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்து அழாதேண்ணே என்று சொல்லப் போனேன், சொல்லவில்லை. அழுது முடித்தவன் அவனாகவே இன்ஹேலரை வாங்கி, டாக்டரம்மா சொன்ன மாதிரி இழுத்தான். உள்ளே போய்க் குப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"தூரமா போயி ஊத்திட்டு வா. நான் சன்னல அடைச்சிக்கிடுதேன்."

முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு தோட்டத்துக் கடைசியில் மண்ணைத் தோண்டி ஊற்றி மூடினேன். உங்களுடையதில் ஒரு சொட்டாவது அதில் இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் அந்தத் தண்ணீர் பிடிக்கிறவளிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அவள் இன்னும் மூன்று தெருவுக்குச் சொல்லியிருப்பாள், அந்தக் கவலை இல்லை.

இப்போது பீரோவை நகர்த்திச் சுவரைத் துடைத்துவிட்டேன். தலையணை உறைகளைக் கொதிக்கிற தண்ணீரில் அலசி, இஸ்திரி போட்டே காய வைத்தேன். அடுத்த வருஷம் வைகாசியில் அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறவள் நான்தான், வரமாட்டேன் என்றாலும் விடமாட்டேன். அண்ணன் இப்போதெல்லாம் என்னோடு அளந்துதான் பேசுகிறான். பேசாமல் இருக்கவில்லை. அது போதும்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன் மதினி. வியாழக்கிழமை உங்கள் பேரைச் சொல்லும்போது அண்ணன் அழுதால் நான் தண்ணீர் கொண்டு ஓடமாட்டேன், பேச்சை மாற்றமாட்டேன், சொந்தக்காரர்கள் யாரையும் அவனைத் தேற்ற விடமாட்டேன். அவன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழட்டும். மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

என்றும் உங்கள் வாயாடி நாத்தனார்,
செல்வி